மண்ணியல் சிறுதேர்: சாருதத்தனைக் கொலைக்களம் வரை இழுத்துப்போனது சகாரனா, தன் சொந்த நல்ல பேரா?

திண்ணைவாசி (இழையைத் தொடங்கியவர்)

சூத்திரகரின் வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தை (தமிழில் மண்ணியல் சிறுதேர்) பற்றி யார் பேசினாலும் காதல் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். நொடித்துப்போன பிராமண வணிகன் சாருதத்தன், செல்வக் கணிகை வசந்தசேனை, இடையில் ராஜாவின் மைத்துனன் சகாரன் என்று ஒரு முரடன், கடைசியில் ஆட்சி மாற்றம், சுபம். பத்து அங்கத்தையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். காதல் பேசும் இடங்கள் கொஞ்சம்தான். பாத்திரங்கள் ஓயாமல் கவலைப்படுவது தங்கள் பேரைப் பற்றி.

முதல் அங்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. சகாரன் துரத்த, இருட்டில் சாருதத்தன் வீட்டுக்குள் நுழைந்துவிடும் வசந்தசேனை, கிளம்பும்போது நகைகளை அங்கேயே வைத்துவிட்டுப் போக நினைக்கிறாள். "அடைக்கலப் பொருள் வைக்கத் தகுந்த வீடா இது?" என்கிறான் அவன். இடிந்த வீடு, எண்ணெய்க்கே வழியில்லை. அவள் சொல்லும் பதில்: அடைக்கலம் வைப்பது ஆளை நம்பி, வீட்டை நம்பி இல்லை. காசெல்லாம் கரைந்த பிறகும் இந்த மனுஷனிடம் மிச்சமிருக்கும் ஒரே சொத்து எது என்று ஆசிரியர் அந்த ஒரு வரியில் காட்டிவிட்டார்.

மூன்றாம் அங்கத்தில் அதே நகை களவு போகிறது. விடிந்ததும் சுவரில் கன்னம் (திருடன் போட்ட துளை) வைத்திருப்பதைப் பார்த்த சாருதத்தனின் முதல் எதிர்வினை என்ன தெரியுமா? என்ன அழகான கன்னம் என்று ரசிக்கிறான். அடுத்தது, பாவம் இந்தத் திருடன், "வணிகன் மகன் வீட்டில் நுழைந்தேன், ஒன்றுமே கிடைக்கவில்லை" என்று கூட்டாளிகளிடம் போய்ச் சொல்வானே என்ற வருத்தம். திருடர்கள் மத்தியிலும் தன் வீட்டுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது! நகைப்பேழை போய்விட்டது என்று நண்பன் மைத்திரேயன் சொன்னதும், திருடன் வெறுங்கையோடு போகவில்லையே என்று மகிழ்கிறான். அது அடைக்கலப் பொருள் என்று நினைவூட்டியபோதுதான் மயங்கி விழுகிறான். மயக்கம் தெளிந்து சொல்வது: உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள், எல்லாரும் என்னைத்தான் சந்தேகப்படுவார்கள், ஒளியிழந்த வறுமை சந்தேகத்துக்கு உரியது.

என் கட்சி இதுதான். சகாரன் தானே வசந்தசேனையின் கழுத்தை நெரித்துப் போட்டுவிட்டு, சாருதத்தன்தான் கொன்றான் என்று பொய் வழக்குப் போட்டான், சரி. ஆனால் அந்தப் பொய் எடுபட்டதற்குக் காரணம் சாருதத்தனின் பேர்மோகம். உங்கள் கருத்து?

குறும்பன்

பேர்மோகத்தில் முதல் பரிசு திருடனுக்குத்தான் கொடுக்கணும் சார். சாருதத்தனுக்கு ஆறுதல் பரிசு.

பழஞ்சுவடி

குறும்பன் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. திருடன் சர்விலகன் நள்ளிரவில் சுவர் முன் நின்று என்ன வடிவத்தில் துளை போடலாம் என்று யோசிக்கிறான். தாமரையா, சூரியனா, பிறைச்சந்திரனா, குளமா, சுவஸ்திகமா, பூர்ணகும்பமா என்று சாஸ்திரப்படி வகைகளை எண்ணிப் பார்த்து, சுட்ட செங்கல் சுவருக்குப் பூர்ணகும்பம்தான் எடுப்பாக இருக்கும் என்று முடிவு செய்கிறான். எதற்காக இத்தனை சிரத்தை? காலையில் அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துக் குற்றமும் சொல்வார்கள், வேலைத்திறனையும் மெச்சுவார்கள் என்பதற்காக. அளவுகோல் கொண்டுவர மறந்துவிடுகிறான், பூணூலைக் கழற்றி அளக்கிறான். பிராமணனுக்கு, அதிலும் தன்னைப் போன்ற பிராமணனுக்கு, இது எவ்வளவு உபயோகமான பொருள் என்று ஒரு பிரசங்கம் வேறு.

ஆள் யார் என்று தெரியக்கூடாது, வேலை மட்டும் ஊர்வாயில் அடிபட வேண்டும். உலகம் களவை இழிவு என்று சொல்லட்டும், பிறருக்குக் கைகட்டி நிற்பதைவிட இது மேல், அசுவத்தாமனே இரவில் தாக்கியவன்தானே என்று தனக்குத்தானே வாதாடியும் கொள்கிறான். திருடுவதோ தன் காதலி, வசந்தசேனையின் பணிப்பெண் மதனிகையை அடிமைத்தனத்திலிருந்து மீட்க. ஆனால் அந்தச் சுவர் முன் நிற்கும் நேரத்தில் அவன் மதனிகையைவிட நாளைக் காலை வரப்போகும் பார்வையாளர்களைத்தான் அதிகம் நினைக்கிறான் என்று எனக்குத் தோன்றும்.

ரேவா

எல்லாரும் சாருதத்தன் மயங்கி விழுந்ததையே பேசுறீங்க. பக்கத்து அறையில இன்னொருத்தியும் மயங்கி விழறா, கவனிச்சீங்களா? அவன் மனைவி தூதா.

களவு நடந்திருக்குன்னு பணிப்பெண் வந்து சொன்னதும் அவ முதல்ல கேட்கிறது, "அவருக்கும் மைத்திரேயருக்கும் உடம்புல காயம் ஒண்ணும் இல்லையே?" இல்லை, ஆனா கணிகையோட நகை போயிடுச்சுன்னதும் மயக்கம். எழுந்து சொல்றா: உடம்புல காயம்பட்டிருந்தாக்கூட தேவலை, இப்ப அவர் ஒழுக்கத்துல காயம் பட்டுடுச்சே, வறுமை தாங்காம அவரே எடுத்துக்கிட்டார்னுதானே உஜ்ஜயினி முழுக்கப் பேசுவாங்க.

அப்புறம் என்ன செய்றா? பிறந்த வீட்டிலிருந்து வந்த ரத்தினமாலை ஒண்ணுதான் பாக்கி. அதை நேரா புருஷன் கையில கொடுத்தா அவன் வாங்க மாட்டான். அதனால விரதம்னு ஒரு சாக்குச் சொல்லி மைத்திரேயனுக்குத் தானமா கொடுக்கிறா. அது எங்க போய்ச் சேரணும்னு அவளுக்கும் தெரியும், மைத்திரேயனுக்கும் தெரியும். புருஷனோட பேரையும் காப்பாத்தணும், அவன் கௌரவமும் கெடக்கூடாது, தான் காப்பாத்தினதாவும் தெரியக்கூடாது. மூணு வேலை, ஒரே மாலை.

சாருதத்தன் அதுக்கும் புலம்புறான். பெண்ணோட பொருளால இரக்கம் காட்டப்படுற நிலைக்கு வந்துட்டேன், காசில்லாத ஆண் பெண்ணாயிடுறான், காசுள்ள பெண் ஆணாயிடுறாள்னு. அவ எதையெல்லாம் தாண்டி இதைச் செஞ்சிருக்கான்னு ஒரு வார்த்தை இல்லை.

அதனால திண்ணைவாசி அண்ணா, பேர் அவனுக்கு. அதுக்கு விலை கொடுக்கிறது யாருன்னு பாத்தா கணக்கு வேற மாதிரி வருது.

திண்ணைவாசி

ரேவா, முழு நியாயம் சாருதத்தனுக்கும் கொடுக்கணும். புலம்பின அடுத்த மூச்சிலேயே "இல்லை, நான் ஏழை இல்லை, துணை நிற்கும் மனைவி இருக்கிறாள், நீ நண்பனாக இருக்கிறாய், வாய்மையும் என்னைவிட்டுப் போகவில்லை" என்று மைத்திரேயனிடம் சொல்கிறானே.

புதுவாசகி

ஒரு சந்தேகம். வாய்மை போகலைன்னு சொல்லிட்டு உடனே மைத்திரேயனை வசந்தசேனை கிட்ட அனுப்புறான் இல்லையா? "உன் நகையை என்னுதுன்னு நினைச்சு சூதாட்டத்துல தோத்துட்டேன், அதுக்குப் பதிலா இந்த மாலையை வாங்கிக்கோ"ன்னு சொல்லச் சொல்றான். அது பச்சைப் பொய்தானே! திருட்டுப் போச்சுன்னு உண்மையைச் சொல்லிட்டு மாலையைக் கொடுத்திருக்கலாமே?

பழஞ்சுவடி

நல்ல கேள்வி அம்மா. இதற்கு முன் மைத்திரேயன் ஒரு யோசனை சொல்லியிருந்தான்: நகையை யார் கொடுத்தார், யார் வாங்கினார், யார் சாட்சி என்று ஒரேயடியாக மறுத்துவிடலாம். அதற்குச் சாருதத்தன், பிச்சை எடுத்தாவது திருப்பிக் கொடுப்பேன், பொய் சொல்ல மாட்டேன் என்று மறுத்தான். ஆக, பொருளைத் தக்கவைக்கும் பொய் கூடாது. பொருளைக் கொடுத்துவிட்டுச் சொல்லும் பொய் ஆகலாம். அவனுடைய தராசு அப்படி.

உண்மையைச் சொன்னால் அவனைத் திருடன் என்று சந்தேகிக்க இடம் உண்டு. சூதாடித் தோற்றேன் என்று சொன்னால் சூதாடி என்பார்கள், ஊதாரி என்பார்கள். அந்த நகரத்தில் அது பெரிய மானக்கேடு இல்லை. பெரிய பழிக்குப் பயந்து சிறிய பழியைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறான். "நற்பொருள் நன்குணர்ந்து சொல்லினும் நல்கூர்ந்தார் சொற்பொருள் சோர்வு படும்" என்று வள்ளுவர் நல்குரவு அதிகாரத்தில் சொன்ன நிலைமைதான். ஏழை சொல்லும் உண்மை அம்பலம் ஏறாது என்று அனுபவத்தில் தெரிந்தவன், நம்பக்கூடிய பொய்யாகப் பார்த்து எடுக்கிறான்.

அரிதாரம்

நான் ஒரு அமெச்சூர் குழுவில் மைத்திரேயன் வேடம் கட்டியவன். அந்தத் தூது போகும் காட்சியை ஒத்திகை பார்க்கும்போது எங்களுக்கு முதலில் பிடிபடாத ஒன்று: பொய்யைச் சொல்லும்போது வசந்தசேனைக்கு ஏற்கெனவே உண்மை தெரியும். சர்விலகன் அதே நகையைக் கொண்டுவந்து கொடுத்து, மதனிகையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நகைப்பேழை அவள் கையில் பத்திரமாக இருக்கிறது. அந்த நேரத்தில் மைத்திரேயன் வந்து, எங்கள் ஆள் சூதில் தோற்றுவிட்டார் என்று முகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறான். திருட்டுப் போனதைக்கூடப் பெருந்தன்மையால் சூதாட்டம் என்கிறாரே, இதனால்தான் இவர்மேல் ஆசைப்படுகிறேன் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். மாலையையும் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறாள்.

அந்த இடத்தில் மைத்திரேயனுக்கு வயிறு எரியும். உபசாரம் இல்லை, சாப்பிடச் சொல்லவில்லை, தண்ணீர்கூடத் தரவில்லை, நான்கு கடலின் சாரம் போன்ற மாலையை இப்படி வாங்கி வைத்துக்கொண்டாளே என்று. நான் நடித்ததில் எனக்கு மிகவும் பிடித்த எரிச்சல் அது.

ஐந்தாம் அங்கத்தில் கொட்டும் மழையில் அவளே சாருதத்தன் வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய பணிப்பெண் பேழையை நீட்டிச் சொல்லும் வசனம் என்ன? "எங்கள் அம்மா உங்கள் ரத்தினமாலையைத் தன்னுடையது என்று நினைத்துச் சூதில் தோற்றுவிட்டாள், அதற்குப் பதிலாக இதை வாங்கிக்கொள்ளுங்கள்." அவன் பொய்யை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்! சாருதத்தனின் பேரைக் காப்பாற்ற எழுந்த பொய்யைச் சிரிப்பாக்கி, அவன் மானத்துக்குச் சிராய்ப்பு இல்லாமல் நகை இருக்கும் இடத்தையும் தெரியப்படுத்திவிட்டாள். சபையில் அந்த இடத்துக்குக் கைதட்டல் விழாமல் இருந்ததே கிடையாது.

வழக்குக்கட்டு

நான் ஒன்பதாம் அங்கத்துக்காகவே இந்த நாடகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பவன். தொழில் அப்படி. பழைய நாடகம் எதிலும் நீதிமன்றத்தை இவ்வளவு கிட்டத்தில் காட்டி நான் பார்த்ததில்லை. நீதிபதி, அவருக்குத் துணையாக வணிகர் தலைவர், எழுத்தர் என மூவர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சகாரன் வருகிறான். இன்று உன் வழக்கை எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். என் அக்காள் புருஷன் பாலக மன்னனிடம் சொல்லி உன்னை மாற்றிவிட்டு வேறு நீதிபதி போடுகிறேன் என்கிறான். உடனே வழக்கு எடுக்கப்படுகிறது. நீதிபதிக்கும் பேர் முக்கியம், பதவி அதைவிட முக்கியம்.

அடுத்து நடப்பது அருமை. புஷ்பகரண்டகத் தோட்டத்தில் யாரோ நகைக்காக வசந்தசேனையைக் கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறார்கள், "நான் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொள்கிறான் சகாரன். கேட்காத கேள்விக்குப் பதில்! நீதிபதி அதை எழுதிக்கொள்ளச் சொல்கிறார், எழுத்தர் எழுதுகிறார். சகாரன் என்ன செய்கிறான்? எழுதியதைக் காலால் அழித்துவிடுகிறான். குற்றவாளி வாக்குமூலத்தைக் காலால் அழிப்பதைச் சபை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பிறகு சாருதத்தன் வருகிறான். இவனைக் குற்றவாளி என்பது இமயத்தைத் தூக்கி நிறுப்பதற்கும் கடலை நீந்துவதற்கும் காற்றைப் பிடிப்பதற்கும் சமம் என்று நீதிபதியே சொல்கிறார், ஆசனம் கொடுக்கிறார். பேருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் பேர் சாட்சியம் ஆகாது. நகரக் காவலன் வீரகன் வேறொரு அடிதடிப் புகாரோடு வந்து, சாருதத்தன் வண்டி வசந்தசேனையை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனதாகச் சொல்கிறான். போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினால், அங்கே விலங்குகள் தின்றது போக ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது என்கிறான். அது வேறு யாரோ.

இத்தனைக்கும் நடுவில் குற்றம் சாட்டப்பட்ட சாருதத்தன் என்ன சொல்கிறான்? கணிகை உனக்குச் சிநேகிதியா என்று கேட்டால் வெட்கப்படுகிறான். எப்படிச் சொல்வேன் என்று தயங்கி, பிறகு, குற்றம் இளமையுடையது, என் ஒழுக்கத்துடையது இல்லை என்கிறான். வீட்டுக்குப் போய்விட்டாள் என்கிறான். எப்போது, யாரோடு என்று கேட்டால் விழிக்கிறான். எனக்கு இப்படி ஒரு கட்சிக்காரர் வாய்த்தால் தலையில் அடித்துக்கொள்வேன். கொலைக்குற்றம் தலைமேல் தொங்குகிறது, ஐயா கவலைப்படுவது சகவாசதோஷத்தைப் பற்றி.

ரேவா

அந்தக் காட்சியில வசந்தசேனையோட அம்மாவை விட்டுட்டீங்களே சார். பொண்ணு செத்துட்டான்னு நம்ப வச்சுட்டாங்க. கீழ விழுந்த நகைகளைக் காட்டி இது உன் பொண்ணோடதான்னு கேட்கிறாங்க. தெரிஞ்சே, "அதே மாதிரி இருக்கு, ஆனா அது இல்லை"ங்கிறா. கடைசியில, செத்தது என் பொண்ணு, வழக்குத் தொடுக்க வேண்டியவ நான், இவரை விடுங்கன்னு கேட்கிறா. சகாரன் அதட்டறான், வெளியே அனுப்பிடுறாங்க.

சபையில கௌரவமே இல்லாத ஒருத்தின்னா அது அவதான். பொண்ணோட சிநேகிதன் பேரைச் சொல்லக் கேட்டப்ப அவளும் வெட்கப்பட்டா. ஆனா ஒருத்தனோட உயிருன்னு வந்ததும் தன் வெட்கத்தையும் விட்டா, உண்மையையும் விட்டா. சாருதத்தன்? அந்த நகை அவளோடதுதான்னு ஒப்புக்கிறான். அம்மா போட்ட முடிச்சை அவனே அவிழ்த்துட்டான்.

அரிதாரம்

அந்த நகை கீழே விழும் இடம் என் கையில் (சரியாகச் சொன்னால் என் அக்குளில்) நடந்தது என்பதால் ஒன்று சேர்க்கிறேன். மைத்திரேயன் அந்த நகைகளை வசந்தசேனையிடம் திருப்பிக் கொடுக்கத்தான் கிளம்பியிருக்கிறான். வழியில் செய்தி கேட்டு நேராகச் சபைக்கு வந்துவிடுகிறான். சகாரனோடு வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பு ஆகிறது. அக்குளில் இடுக்கியிருந்த நகைகள் சபை நடுவில் விழுகின்றன. நண்பனைக் காப்பாற்றப் பாய்ந்த பாய்ச்சலிலேயே அவன் கதையை முடித்துவிடுகிறான்.

எங்கள் இயக்குநர் அந்த நகைகள் விழுந்த பிறகு சாருதத்தனை நெடுநேரம் பேசவிடாமல் நிறுத்திவைத்தார். பார்வையாளருக்குத் தெரியும், அந்த நகைகள் எப்படி வந்தன என்று. சாருதத்தனின் குழந்தை ரோகசேனன் பக்கத்து வீட்டுப் பையனின் பொன் வண்டியைப் பார்த்துவிட்டு, தனக்குக் கொடுத்த மண் வண்டி வேண்டாம் என்று அழுதான். வசந்தசேனை உடம்பிலிருந்த நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியில் போட்டு, பொன் வண்டி செய்துகொள் என்றாள். இதை ஒரு வாக்கியத்தில் சபையில் சொல்லிவிடலாம். அவன் சொல்லவில்லை. என் வீட்டிலிருந்து வந்தவை என்பது மட்டும் தெரியும் என்கிறான்.

ஏன் சொல்லவில்லை என்று சாருதத்தனாக நடித்தவர் தினமும் ஒரு காரணம் சொல்வார்.

திண்ணைவாசி

இதுதான் என் கட்சிக்கே அடித்தளம். அந்த ஒரு வாக்கியத்தில் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது பாருங்கள். என் மகனுக்கு ஒரு விளையாட்டு வண்டி வாங்கித்தர எனக்கு வக்கில்லை. ஒரு கணிகை இரவு என் வீட்டில் தங்கினாள். அவள் என் பிள்ளைக்குப் பொன் கொடுத்தாள், என் வீடு அதை வாங்கிக்கொண்டது. உஜ்ஜயினிக்கே வாரி வழங்கிய குடும்பத்தின் வாரிசு, ஊர் கூடிய சபையில், வணிகர் தலைவர் முன்னிலையில் இதைச் சொல்லணும். அவனுக்கு நாக்கு எழவில்லை. மூன்றாம் அங்கத்தில் திருட்டுப்பழிக்குப் பயந்து பொய் சொன்ன அதே ஆள், ஒன்பதாம் அங்கத்தில் வறுமையின் வெட்கத்துக்குப் பயந்து மௌனம் காக்கிறான்.

வழக்குக்கட்டு

ஒத்துக்கொள்ள முடியாது. நகைக்கு வேண்டுமானால் நீங்கள் சொல்வது பொருந்தும். வண்டி விஷயத்தில் அவன் வாயைத் திறக்காததற்குக் காரணம் வேறு. அந்த வண்டியில் தோட்டத்துக்கு வந்து இறங்கியது வசந்தசேனை இல்லை, பாலக மன்னனின் சிறையிலிருந்து தப்பிய, பின்னால் அரசனாகப்போகும் ஆரியகன். சாருதத்தன் அவனுக்கு அடைக்கலம் கொடுத்து, அதே வண்டியில் அனுப்பியும் வைத்தான். உண்மையைச் சொன்னால் ராஜத்துரோகம் வெளிப்படும், அடைக்கலம் புகுந்தவனைக் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகும். அதைப் பேர்மோகம் என்று சொல்வது அநியாயம்.

இன்னொன்று, வசந்தசேனை இல்லாமல் எனக்கு உயிர் எதற்கு என்று அவனே சொல்கிறான். எதிர்வழக்காடும் மனநிலையிலேயே ஆள் இல்லை.

திண்ணைவாசி

ஆரியகன் விஷயம் சரி. ஆனால் நாடகாசிரியர் ஒரே மௌனத்துக்குள் மூன்று காரணத்தையும் போட்டு முடிந்திருக்கிறார் என்பேன். துக்கம், அடைக்கலம், வெட்கம். எது எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது. ஊர் பார்க்க வாழ்ந்து பழகிய ஆளுக்கு இது மூன்றும் தனித்தனியாக இருக்காது.

குறும்பன்

சகாரன் கட்சிக்கு யாருமே வாதாட மாட்டீங்களா? அவனும் கௌரவஸ்தன்தான். எட்டாம் அங்கத்துல தன்கூட சுத்துற விடனைக் கூப்பிட்டு வசந்தசேனையைக் கொல்லச் சொல்றான். விடன், பத்துத் திசையும் பாக்குது, வனதேவதைங்க, சந்திரன், சூரியன், தர்மம், காத்து, ஆகாசம், மனசாட்சி, பூமி எல்லாம் சாட்சிங்கிறான். நம்மாளு உடனே தீர்வு சொல்றான்: "அப்ப துணியைப் போட்டு மூடிக் கொல்லு." 😄

பேர்னா என்னன்னு இந்த நாடகத்துலயே தெளிவா வரையறுத்தவன் அவன் ஒருத்தன்தான். யாரும் பாக்கலைன்னா பழி இல்லை. முடிஞ்சுது.

பழஞ்சுவடி

பத்தாம் அங்கத்தில் அதே ஆள் என்ன கேட்கிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் குறும்பன். தண்டனை நிறைவேற்றுபவர்கள் வீதியில் பறை அறைந்து குற்றத்தை அறிவித்துக்கொண்டு போகிறார்கள். சகாரனுக்கு அது போதவில்லை. "வசந்தசேனையை நான்தான் கொன்றேன்" என்று சாருதத்தன் தன் வாயாலேயே ஊருக்குச் சொல்லவேண்டும் என்கிறான். அந்த வாய்க்கு ஊரில் இருக்கும் மதிப்பு அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சாருதத்தனை அந்த ஊர்வலத்தில் வதைப்பது மரணபயம் இல்லை. வேள்விச் சபைகளில் வேதஒலியோடு சொல்லப்பட்ட என் குலத்தின் பேர் இன்று கொலை அறிவிப்பில் சொல்லப்படுகிறதே என்பதுதான். சாவதற்கு அஞ்சவில்லை, புகழ் கெட்டதே. பழி நீங்கிச் செத்தால் அந்தச் சாவு எனக்குப் பிள்ளை பிறந்ததற்குச் சமம் என்கிறான். வடமொழியில் பழகியவர்கள் பலருக்கும் மனப்பாடமான சுலோகம் அது.

கூடவே ஒன்று. ரோகசேனன் ஓடிவருகிறான். என்னைக் கொல்லுங்கள், அப்பாவை விடுங்கள் என்கிறான். அவனுக்குக் கொடுக்கத் தகப்பனிடம் எதுவும் இல்லை. முத்தும் பொன்னும் இல்லாத அணிகலன் என்று சொல்லித் தன் பூணூலைக் கழற்றிக் கொடுக்கிறான். மூன்றாம் அங்கத்தில் சர்விலகன் கன்னம் அளக்கக் கழற்றியதும் பூணூலைத்தான். ஒருவனுக்குத் தொழிற்கருவி, ஒருவனுக்குப் பிதுரார்ஜிதம்.

புதுவாசகி

அப்ப கடைசியில அவனைக் காப்பாத்தினது எது? நல்ல பேரா?

ரேவா

நல்ல பேர் காப்பாத்தலை. அவன் பேரை மெச்சின நீதிபதி செஞ்சதெல்லாம், பிராமணனுக்கு மரணதண்டனை கூடாது, நாடுகடத்தலாம்னு ராஜாவுக்குப் பரிந்துரை எழுதினதுதான். ராஜா அதையும் தள்ளிட்டு அந்த நகைகளையே கழுத்துல கட்டிக் கழுவேத்தச் சொல்லிட்டான்.

காப்பாத்தினவங்க யாருன்னு பாருங்க. ஒரு காலத்துல அவன்கிட்ட உடம்பு பிடிச்சுவிடுற வேலை செஞ்சவன், சூதுல கடன்பட்டு ஓடி, வசந்தசேனை தன் வளையலைக் கொடுத்து மீட்டு, அப்புறம் பௌத்த பிக்குவானவன். அவன்தான் இலைச்சருகுக்குள்ள கிடந்த அவளைக் கண்டு உயிர் மீட்டுக் கூட்டிட்டு வர்றான். சகாரனோட அடிமை ஸ்தாவரகன், விலங்கோட மாடியிலிருந்து குதிச்சு வந்து உண்மையைச் சொல்றான். அடிமை சொன்னா யார் நம்புவாங்க, திருட்டுப்பட்டம் கட்டி விரட்டிடுறாங்க. அப்புறம் தண்டனையை நிறைவேத்த வந்தவன். எங்க அப்பா சாகும்போது சொன்னார், கொல்ற முறை உனக்கு வந்தா அவசரப்படாதே, யாராவது பணம் கட்டி மீட்கலாம், ராஜாவுக்குப் பிள்ளை பொறக்கலாம், யானை கட்டறுத்துக்கிட்டு ஓடலாம், ராஜாவே மாறலாம்னு சொல்லித் தாமதம் பண்றான். அந்தத் தாமதத்துலதான் வசந்தசேனை வந்து சேர்றா.

சொல்லுக்கு மதிப்பில்லாதவங்க எல்லாரும் சேர்ந்து, சொல்லுக்கு மதிப்புள்ள ஒருத்தனைக் காப்பாத்துறாங்க.

வழக்குக்கட்டு

ஸ்தாவரகன் இடம் நானும் மறந்துதான் விட்டிருந்தேன். நேரில் கண்ட சாட்சி அவன். நல்கூர்ந்தார் சொல் சோர்வுபடும் என்று மேலே பழஞ்சுவடி ஐயா காட்டியது சாருதத்தனைவிட அவனுக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. சாருதத்தனுக்காவது ஆசனம் போட்டார்கள்.

திண்ணைவாசி

ரேவா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சாருதத்தன் என்ன நினைக்கிறான் என்பதற்கு நாடகத்தின் கடைசியிலேயே ஆதாரம் இருக்கிறது. எல்லாம் சுபமாக முடிந்து, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கும்போது கிடைத்தவற்றை வரிசையாகச் சொல்கிறான். முதலில், ஒழுக்கத்தின் மேல் விழுந்த பழி நீங்கியது. அடுத்து, காலில் விழுந்த பகைவனையும் விடுவித்தாயிற்று. அடுத்து, நண்பன் ஆரியகன் அரசனானான். அதற்குப் பிறகுதான், அன்புக்குரிய இவளும் மீண்டும் கிடைத்தாள். உயிர் பிழைத்தது பட்டியலிலேயே தனியாக இல்லை!

ரேவா

தூதாவும் இல்லை.

அவன் சாவுச் செய்தி காதுல விழறதுக்கு முன்னாடியே தீயில விழப்போனவ. அவன் நேரத்துக்கு ஓடிப்போய்த் தடுத்தான். பட்டியல் போடறப்ப பக்கத்துலதான் நிக்கிறா. ஆறாம் அங்கத்துல வசந்தசேனை அந்த ரத்தினமாலையைத் தங்கைன்னு உறவு சொல்லித் திருப்பி அனுப்பினப்பகூட, "அவர் உனக்குக் கொடுத்ததை நான் வாங்கறது முறையில்லை, அவர்தான் எனக்கு அணிகலன்"னு சொல்லி அனுப்பினவ. அவன் பேருக்காகக் கொடுத்ததை அவன் பேருக்காகவே திரும்ப வாங்காம விட்டா.

அரிதாரம்

எங்கள் தயாரிப்பில் தூதாவுக்கு அந்தக் கடைசிக் காட்சியில் வசனமே மிச்சம் வைக்கவில்லை, நேரம் போதாது என்று வெட்டிவிட்டார்கள். மறுபடி போட்டால் மூன்றாம் அங்கத்து மாலைக் காட்சியை முழுசாக வைக்கச் சொல்லி நான் சண்டை போடுவேன். கடைசியில் வசந்தசேனைக்குப் புது அரசன் பேரில் முக்காடு போட்டு "குலமகள்" என்று பட்டம் கொடுக்கும் இடம் இருக்கிறதே, அதைச் செய்வது சர்விலகன். பூர்ணகும்பக் கன்னக்கோல்காரர் இப்போது அரசாங்க மனுஷர், அவர் கையால் ஒருத்திக்குக் கௌரவம் வழங்கப்படுகிறது. அந்த நேரத்தில் தூதாவாக நடிப்பவர் எங்கே நிற்கவேண்டும் என்று போனமுறை யாருக்கும் தெரியவில்லை, ஒரு ஓரமாக நிறுத்திவிட்டோம். ரேவா, நீங்கள் இயக்கினால் எங்கே நிறுத்துவீர்கள்?

ரேவா

சர்விலகனுக்கு நேர் எதிர்ல. அவன் திருடின நகைக்கு ஈடு கட்டினவ அவதான்னு அவனுக்கு யாராவது சொன்னாங்களான்னு எனக்குத் தெரியணும்.